ஆயிரம் மாடுகளும் ஒரு வாக்கும்

(திருச்சி தென்னூரில், அக்கம்பக்கத்துப் பிற சமயத்தாரும் வந்து அமர்ந்திருந்த திருச்சபைக் கூட்டமொன்றில் ஆற்றிய சொற்பொழிவின் அச்சு வடிவம்)



அன்றாட வாழ்க்கையினாலேயே நம் விசுவாசத்தை மற்றவர்களுக்கு அறிவிப்பது பற்றிப் பேசச் சொன்னார்கள். இதற்கு வெளிநாட்டு உதாரணம் எதுவும் தேட வேண்டியதில்லை. இங்கே தென்னூரிலிருந்து புறப்பட்டால் நடந்தே போய்விடலாம். கோட்டைப் பக்கம், தெப்பக்குளத்துக்கு அருகில், 1766இல் கட்டிய கிறிஸ்து ஆலயம் இன்றும் நிற்கிறது. அதைக் கட்டுவித்தவர் கிறிஸ்டியன் பிரெடெரிக் சுவார்ட்ஸ். நம் முன்னோர் அவரை சுவார்ட்ஸ் ஐயர் என்றார்கள். 1726இல் பிரஷ்யாவில் பிறந்து, 1750இல் தரங்கம்பாடியில் இறங்கி, 1762 முதல் திருச்சிராப்பள்ளியிலும் 1778 முதல் தஞ்சாவூரிலும் உழைத்து, 1798இல் தஞ்சாவூரிலேயே கண்மூடினார். நாற்பத்தெட்டு ஆண்டுகள். ஒரு தடவைகூட ஊர் திரும்பவில்லை.

அவருடைய வாழ்க்கைக் குறிப்புகளில் ஒரு சிறு சம்பவம் உண்டு. வழியில் ஒரு நட்டுவனாரையும் அவரிடம் ஆடக் கற்ற ஒரு பெண்ணையும் சந்தித்தார். பேச்சு வளர்ந்தது. பரிசுத்தமில்லாத எவரும் பரலோக ராஜ்யத்தில் நுழைய முடியாது என்று ஐயர் சொன்னார். அந்தப் பெண் சட்டென்று, அப்படியானால் ஐரோப்பியர்களில் அநேகமாக எவரும் அங்கே போய்ச் சேரமாட்டார்களே ஐயா என்று வருத்தத்தோடு சொல்லிவிட்டு நடந்து போய்விட்டாள்.

அவள் பெயரை யாரும் எழுதி வைக்கவில்லை. ஆனால் நம் தலைப்பின் மொத்தப் பாரமும் அவள் சொன்ன அந்த ஒரு வாக்கியத்தில் இருக்கிறது. அவள் வேதாகமம் வாசித்தவள் அல்ல. கோட்டைக் காவலுக்கு வந்த சிப்பாய்களையும், வட்டிக்கு விட்டுச் சம்பாதித்த கிழக்கிந்தியக் கம்பெனி உத்தியோகஸ்தர்களையும் பார்த்திருந்தாள். கிறிஸ்தவம் என்றால் என்னவென்று அவர்களைப் பார்த்தே தெரிந்துகொண்டாள். நாம் வாய் திறப்பதற்கு வெகு முன்னாலேயே நம் மதத்தைப் பற்றி ஊர் ஒரு முடிவுக்கு வந்துவிடுகிறது. அன்றைக்கும் அப்படித்தான். இன்றைக்கும் அப்படித்தான்.

இந்த நிலைமையில் ஐயர் திருச்சியில் எப்படி வாழ்ந்தார் என்பதை, அவரை நேரில் அறிந்த வில்லியம் சேம்பர்ஸ் என்ற ஆங்கிலேயர் எழுதி வைத்திருக்கிறார். படைத்தலைவரிடம் கேட்டு வாங்கிய தங்குமிடம், ஒரு பழைய கட்டடத்தில் கட்டிலும் ஆளும் மட்டுமே கொள்கிற அறை. நிமிர்ந்து நின்றால் பெரும்பாலோருக்குத் தலை இடிக்கும். சாப்பாடு, நம் ஊர் முறையில் சமைத்த சோறும் காய்கறியும். உடுப்பு, கறுப்புச் சாயம் தோய்த்த முரட்டுப் பருத்தித் துணி. வருஷம் முழுதுக்கும் அதுவே. பிற்பாடு கோட்டைப் பாளையத்துக்கு ஆங்கிலத்தில் ஆராதனை நடத்த அரசாங்கம் சம்பளம் கொடுத்தபோது, அதில் பாதியை மிஷன் வேலைக்கே ஒதுக்கினார். வெடிமருந்துக் கிடங்கு வெடித்து ஊரில் பலர் மாண்டபோது, அநாதையாய் நின்ற பிள்ளைகளுக்காகப் பணம் திரட்டிப் பள்ளி நடத்தினார். தமிழ் முன்பே படித்திருந்தார். ஊரில் நவாபு தர்பாரோடும் முஸ்லிம்களோடும் பேச வேண்டும் என்பதால் பாரசீகமும் இந்துஸ்தானியும் படித்தார். தஞ்சைக்குப் போனபின் மராத்தி. பக்கத்தில் வாழ்பவனின் மொழியைக் கற்றுக்கொள்வதும் அவனை மதிப்பதன் அடையாளம் என்று நான் நினைக்கிறேன்.

எளிமை மட்டும் போதுமா? எளிமையாய் வாழ்கிறவர்கள் எல்லாச் சமயத்திலும் இருக்கிறார்கள். இந்தக் காவிரிக் கரையில் துறவிகளுக்குப் பஞ்சமே இருந்ததில்லை. ஐயரின் சாட்சி எங்கே எடுபட்டது என்று கேட்டால், நான் பணத்தையும் நெல்லையும் காட்டுவேன்.

மைசூரை ஆண்ட ஹைதர் அலியோடு நடந்த போர்க்காலம். 1781 வாக்கில் தஞ்சைக் கோட்டைக்குள் பஞ்சம். காலையில் எழுந்தால் தெருவோரமெல்லாம் பிணம். சிப்பாய்கள் பசியில் சுருண்டு விழுந்தார்கள். நாட்டுப்புறத்தில் நெல் இல்லாமலில்லை. அதைக் கோட்டைக்குக் கொண்டுவர மாடுகள்தான் இல்லை. ஏன் இல்லை? முன்பு நெல் கொண்டுவந்த குடியானவர்களுக்குச் சேர வேண்டிய கூலியை இடைத்தரகர்களான துபாஷிகள் அபகரித்திருந்தார்கள். அந்த அனுபவத்தில் ஜனங்கள் மாடுகளை ஓட்டிக்கொண்டு ஒதுங்கிவிட்டார்கள். தஞ்சையை ஆண்ட துளஜா ராஜா உத்தரவு போட்டார், மன்றாடியும் பார்த்தார். ஒருவரும் அசையவில்லை. கடைசியில் ராஜா கம்பெனி அதிகாரி ஒருவரிடம், நீங்களும் நானும் நம்பிக்கையை இழந்துவிட்டோம், ஜனங்கள் சுவார்ட்ஸை நம்புகிறார்களா பார்ப்போம் என்ற கருத்தில் பேசி, வெற்றுக் காகிதத்தில் அதிகாரம் எழுதி ஐயருக்கு அனுப்பினார்.

ஐயர் சுற்றுவட்டாரத்துக்கெல்லாம் கடிதம் எழுதினார். கூலியை என் கையாலேயே கொடுப்பேன், எதிரி பிடித்துக்கொண்டுபோன மாட்டுக்கும் விலை கொடுப்பேன் என்று எழுதினார். ஒன்றிரண்டு நாளில் ஆயிரத்துக்கு மேல் மாடுகள் வந்து நின்றன. 80,000 கலம் தானியம் கோட்டைக்குள் சேர்ந்தது. எல்லாம் முடிந்தபின் ஒவ்வொருவருக்கும் கூலியை எண்ணிக் கொடுத்து, மேற்கொண்டு சிறு வெகுமதியும் தந்து வீட்டுக்கு அனுப்பினார்.

இந்தக் கதையில் நாம் வழக்கமாகச் சொல்லாமல் விடுகிற ஒரு பகுதி உண்டு. அந்த நெல்லைக் கொண்டுவர எதிரிப் படை திரிந்த நாட்டுப்புறத்துக்குள் போனவர்கள் ஒரு உபதேசியாரும் வேறு சில தமிழ்க் கிறிஸ்தவர்களும். உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு போனார்கள் என்று ஐயரே எழுதியிருக்கிறார். பெயர்களை மட்டும் காணோம். வெள்ளைக்காரரின் வாக்கைக் குடியானவன் வாசலுக்குக் கொண்டுபோய்ச் சேர்த்தது அவர்களுடைய கால்கள். முன்மாதிரி என்றவுடன் பெரிய பெயர்களையே நினைக்கிற பழக்கத்தை நாம் விட வேண்டும்.

அதற்கு இரண்டு வருஷம் முன்னால், 1779இல், சென்னை அரசாங்கம் சமாதானம் பேச அவரை ஸ்ரீரங்கப்பட்டினத்துக்கு ஹைதர் அலியிடம் அனுப்பியது. ஹைதர் வழிச் செலவுக்கென்று முந்நூறு ரூபாய் கொடுத்தார். ஐயர் திரும்பி வந்ததும் அதை அரசாங்கத்திடம் ஒப்படைத்தார். நீரே வைத்துக்கொள்ளும் என்றபோது, தஞ்சையில் அநாதைப் பிள்ளைகளின் பள்ளிக்கு அதை முதலாக்கினார். போர் மூண்டபின் ஹைதர் தம் படையாட்களுக்கு, அந்தப் பாதிரியாரைத் தடுக்காமல் விடுங்கள், மரியாதையாய் நடத்துங்கள் என்று கட்டளையிட்டார். இரண்டு தரப்பும் வாளோடு நிற்கும்போது நடுவில் ஒரு மனிதர் நடமாட முடிந்தது. அவர் பணத்தைத் தொடமாட்டார், பொய் சொல்லமாட்டார் என்று இரண்டு தரப்புக்கும் தெரிந்திருந்ததே அதற்குக் காரணம்.

இப்போது சிலருக்கு ஒரு கேள்வி வரும். ஹைதர் அலி கிறிஸ்தவரானாரா? இல்லை. துளஜா ராஜா? சாகும்வரை தம் முன்னோரின் வழியிலேயே இருந்தார். அவர் தத்தெடுத்த சரபோஜி, ஐயரைத் தகப்பனைப் போல நேசித்தவர். உயிருக்கு ஆபத்து வந்தபோது ஐயர்தாம் அவரைச் சென்னைக்கு அனுப்பிப் படிக்கவைத்தார். ஐயர் இறந்தபோது சரபோஜி அழுதார், கல்லறைக்கு ஆங்கிலத்தில் தாமே செய்யுள் எழுதினார், லண்டன் சிற்பி ஜான் பிளாக்ஸ்மனைக் கொண்டு சலவைக்கல் சிற்பம் செய்வித்தார். தஞ்சை சிவகங்கைத் தோட்டத்து ஆலயத்தில் இன்றும் பார்க்கலாம். ஐயரின் மரணப்படுக்கை அருகே ராஜா நிற்கிறார். அந்தச் சரபோஜியும் கடைசிவரை இந்துவாகவே வாழ்ந்தார்.

அப்படியானால் சாட்சி தோற்றுப்போனதா? இந்தக் கேள்விக்கு நாம் சொல்கிற பதிலில் நம் உள்நோக்கம் வெளிப்பட்டுவிடும். பக்கத்து வீட்டுக்காரர் நோயில் கிடக்கும்போது கஞ்சி கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு, அவர் எப்போது சபைக்கு வருவார் என்று மனதுக்குள் கணக்குப் போட்டால், அந்தக் கஞ்சிக்கு நாம் விலை வைத்துவிட்டோம். அவருக்கும் அது தெரிந்துவிடும். இந்த நாட்டில் நம்மைப் பற்றி இருக்கிற சந்தேகங்களில் ஒரு பகுதி அரசியல் உண்டாக்கியது, மறுக்கவில்லை. ஒரு பகுதி, நாமே நம் அன்பில் வைத்த விலையால் வந்தது. அரசியல் சட்டத்தின் 25ஆவது பிரிவு, மதத்தைக் கைக்கொள்ளவும் பரப்பவும் எல்லாருக்கும் உரிமை தந்திருக்கிறது. அந்த உரிமையை நான் ஒரு துளியும் விட்டுக்கொடுக்கமாட்டேன். ஆனால் உதவியைத் தூண்டிலாக்குகிற உரிமையைச் சட்டமும் தரவில்லை, நம் ஆண்டவரும் தரவில்லை.

மலைப்பிரசங்கத்தை எடுத்துப் பாருங்கள். மத்தேயு ஐந்தாம் அதிகாரத்தில், உங்கள் நற்செயல்களை மனுஷர் காணட்டும் என்கிற பொருளில் இயேசு பேசுகிறார். அடுத்த அதிகாரத்திலேயே, மனுஷர் காணும்படி தர்மம் செய்யாதிருங்கள் என்கிற பொருளில் பேசுகிறார். சிறுவயதில் இது எனக்கு முரணாகப்பட்டது. பிறகு இரண்டையும் சேர்த்துப் படித்தேன். காண்பது அவர்கள் பாடு. காட்டுவது நம் வேலையில்லை. தஞ்சையின் குடியானவர்கள் ஐயரைப் பல வருஷம் கவனித்திருந்தார்கள். தம்மை அப்படிக் கவனிக்கிறார்கள் என்பது அவருக்கு எவ்வளவு தெரிந்திருக்கும்? ராஜாவின் காகிதம் கைக்கு வந்த நாளில்தான் தம் வாக்குக்கு ஊரில் என்ன மதிப்பு என்று அவருக்கே தெரிந்திருக்க வேண்டும்.

இன்னொரு பக்கமும் சறுக்குகிறோம். எப்போதும் நற்செய்தியைப் பிரசங்கி, தேவைப்பட்டால் வார்த்தைகளைப் பயன்படுத்து என்று அசிசியின் பிரான்சிஸ் சொன்னதாக ஒரு வாசகம் நம் வாட்ஸ்அப் குழுக்களில் அடிக்கடி வருகிறது. அவருடைய எழுத்துகளில் அப்படி ஒரு வாசகம் இல்லை. அவரே ஊர் ஊராய்ப் பிரசங்கித்தவர். சுவார்ட்ஸ் ஐயரும் ஓயாமல் பேசியவர். சாவடியில், ஆற்றங்கரையில், தர்பாரில், வழிப்போக்கரிடத்தில் பேசினார். நல்லவனாய் வாழ்ந்துவிட்டேன், வாய் திறக்க வேண்டியதில்லை என்பது நம்மில் பலருக்கு வசதியான மௌனம். உள்ளத்திலிருக்கும் நம்பிக்கைக்குக் காரணம் கேட்கிறவனுக்குச் சாந்தத்தோடு பதில் சொல்ல ஆயத்தமாய் இருக்கும்படி பேதுருவின் முதல் நிருபம் சொல்கிறது. முதலில் அவன் கேட்க வேண்டும். கேட்கிற அளவுக்கு நம் வாழ்க்கையில் ஏதாவது இருக்க வேண்டும். கேட்டபின் மழுப்பக் கூடாது.

ஐயர் ஒரு மிஷனரி. அதுவே அவர் வேலை. ஆபீசுக்கும் கடைக்கும் கோர்ட்டுக்கும் போகிற நமக்கு அவர் எப்படி மாதிரியாவார் என்று கேட்பவர்களுக்காக, திருச்சிச் சீமையில் பிறந்த இன்னொருவரைச் சொல்கிறேன். மாயூரம் வேதநாயகம் பிள்ளை, 1826இல் நம் குளத்தூரில் கத்தோலிக்கக் குடும்பத்தில் பிறந்தவர். தமிழின் முதல் நாவலை எழுதியவர் என்று பள்ளிப் புத்தகத்தில் படித்திருப்பீர்கள். அவருடைய பிழைப்பு நீதிமன்றத்தில். திருச்சி கோர்ட்டில் தொடங்கி, தரங்கம்பாடி, சீர்காழி, மாயூரம் என்று முன்சீபாக இருந்தார். ஆங்கிலத்தில் கிடந்த தீர்ப்புகளைத் தமிழில் தொகுத்து 1862இல் சித்தாந்த சங்கிரகம் என்று அச்சிட்டார், வழக்காடுகிற ஜனங்களுக்குச் சட்டம் புரிய வேண்டுமென்று. லஞ்சத்தைக் கண்டித்து எழுதியவர் நீதிபதி நாற்காலியிலேயே இருந்தார் என்பதை எண்ணிப் பாருங்கள்; தாம் தவறியிருந்தால் அந்த எழுத்தை ஊரே எடுத்து அவர் முகத்துக்கு நேரே படித்திருக்கும். 1876 முதல் 1878 வரை தாது வருஷப் பஞ்சம் தமிழ்நாட்டை வாட்டியபோது, தம் சொந்தப் பணத்தைக் கொட்டிப் பசித்தவர்களுக்குச் சோறிட்டார். அதைப் பார்த்துவிட்டு அவரைப் பாடியவர் யார் தெரியுமா? நந்தனார் சரித்திரக் கீர்த்தனை இயற்றிய சிவபக்தர் கோபாலகிருஷ்ண பாரதியார்.

வேதநாயகம் பிள்ளைக்கு நெருங்கிய நண்பர் மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளை. இந்தத் திருச்சிக்குப் பக்கத்தில் அதவத்தூரில் 1815இல் பிறந்தவர், திருவாவடுதுறை ஆதீன வித்துவான், பழுத்த சைவர். கிறிஸ்தவ நண்பர் மேல் குளத்துக் கோவை பாடினார். மகாவித்துவானிடம் கடைசிவரை கூட இருந்து படித்த மாணவர்களில் சவேரிநாத பிள்ளை என்ற கிறிஸ்தவரும் ஒருவர். 1876 பிப்ரவரி முதல் தேதி ஆசிரியரின் உயிர் பிரிகிற நேரம். அவரைத் தம் மேல் சாய்த்துத் தாங்கிக்கொண்டிருந்தவர் இந்தச் சவேரிநாத பிள்ளை. எதிரே உட்கார்ந்து திருவாசகத்தில் அடைக்கலப்பத்தை வாசித்தவர் உ.வே.சாமிநாதையர். அவரே தம் ஆசிரியரின் சரித்திரத்தில் இதைப் பதிவு செய்திருக்கிறார்.

நான் பல சாட்சிக் கூட்டங்களில் உட்கார்ந்திருக்கிறேன். இதற்கு இணையாக ஒன்று எனக்குத் தோன்றவில்லை. சவேரிநாதர் அங்கே எதையும் பிரசங்கிக்கவில்லை. ஆசிரியர் விரும்பிய பாடலைத் தடுக்கவும் இல்லை. சாகிறவரின் பாரத்தை உடம்பால் தாங்கினார். உ.வே.சா. என்ற வைதிகப் பிராமணர், ஒரு கிறிஸ்தவர் தம் குருவுக்குச் செய்த பணிவிடையை அறுபது வருஷம் நெருங்கும்போதும் மறக்காமல் எழுதினார்.

இவ்வளவு சொன்னபின் கசப்பான ஒன்றையும் சொல்லியாக வேண்டும். சொல்லாவிட்டால் நான் இதுவரை பேசியதற்கு மரியாதையில்லை.

சுவார்ட்ஸ் ஐயருடைய சபைகளில் சாதிவாரியாகத் தனித்தனி இடத்தில் உட்கார்ந்தார்கள். அவர் அதை விரும்பவில்லை. ஆனால் உடைக்கவும் இல்லை, நாளடைவில் மாறும் என்று பொறுத்துக்கொண்டார். அது மாறவில்லை. அவர் வளர்த்த வேதநாயகம் சாஸ்திரியார், நம் கீர்த்தனைகளின் தந்தை, சாதி வழக்கங்களுக்கு ஆதரவாகவே எழுதினார். 1826 ஏப்ரல் 3ஆம் தேதி காலை பேராயர் ஹீபர் இதே கோட்டை ஆலயத்தில் தமிழ்க் கிறிஸ்தவர்களுக்குத் திடப்படுத்தல் ஆராதனை நடத்தி ஆசீர்வதித்துத் திரும்பி, குளிக்கப் போன இடத்தில் இறந்தார். அவர் நினைவாகத்தான் நம் கல்லூரிக்குப் பெயர். அந்தப் பயணத்தில் அவர் விசாரித்துக்கொண்டிருந்த விவகாரங்களில் சாதியும் ஒன்று. 1833இல் பேராயர் டேனியல் வில்சன், சபைக்குள் சாதி வேற்றுமை உடனே ஒழிய வேண்டும் என்று சுற்றறிக்கை அனுப்பினார். தஞ்சையிலும் திருச்சியிலும் பெரும் பகுதியினர் சாதியை விடமாட்டோம் என்று சபையை விட்டார்கள். கிறிஸ்துவை விட்டாலும் பரவாயில்லை என்கிற அளவுக்கு!

ஒரு மனிதன் செய்ததைப் போலவே செய்யாமல் விட்டதும் அவனைப் பார்த்து வளர்கிறவர்களுக்குப் போய்ச் சேர்கிறது. ஐயர் மேல் எனக்குள்ள பக்தியோடுதான் இதைச் சொல்கிறேன்: 80,000 கலம் நெல்லை உள்ளே கொண்டுவந்த அந்த வாக்கு, பெஞ்சுகளுக்கு நடுவிலிருந்த இடைவெளிக்கு எதிராகவும் ஒலித்திருக்க வேண்டும். இது புராட்டஸ்டன்ட் சபையின் பழங்கதை மட்டுமில்லை. இதே ஊரில் மேலப்புதூர் கத்தோலிக்கக் கல்லறைத் தோட்டத்தில் இறந்தவர்களையும் சாதியால் பிரித்து எழுப்பிய சுவரைப் பற்றி எத்தனை போராட்டம் நடந்தது என்று உங்களுக்குத் தெரியும். உயிர்த்தெழுதலை நம்புகிறோம் என்று ஞாயிறுதோறும் அறிக்கையிடுகிறவர்கள் கல்லறைக்குள் சுவர் வைத்தால், வெளியிலிருந்து பார்க்கிறவன் எதை நம்புவான்? ஆயிரம் கைப்பிரதி கொடுத்தாலும் அந்தச் சுவரே பேசும்.

நல்ல அடையாளங்களும் இதே ஊரில் இருக்கின்றன. 1934இல் தொடங்கிய ஜோசப் கண் மருத்துவமனை, கிராமம் கிராமமாக முகாம் போட்டு எத்தனையோ பேருக்குப் பார்வை தந்திருக்கிறது. ஸ்ரீரங்கத்துப் பாட்டியும் உறையூர்ப் பாயும் அங்கே ஒரே வரிசையில் உட்கார்ந்து கண்ணுக்கு மருந்து விட்டுக்கொள்கிறார்கள். எந்த மதத்துக்காரர்கள் நடத்துகிறார்கள் என்பது அவர்களுக்குத் தெரியும். யாரும் அதை ஒலிபெருக்கியில் சொல்லத் தேவைப்படவில்லை.

நம் தெருவுக்கு வருவோம். ஞாயிறு காலை ஆராதனைக்கு வருகிறவர்கள் அடுத்த வீட்டு வாசலை அடைத்து வண்டியை நிறுத்திவிட்டு உள்ளே போய் அன்பைப் பற்றிப் பாடுகிறோம். அந்த வீட்டில் ஒரு பெரியவரை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வேண்டியிருந்தால்? உழவர் சந்தையில் கீரைக் கட்டுக்கு இரண்டு ரூபாய் குறைத்துப் பேரம் பேசிவிட்டு, அந்தக் கையாலேயே காணிக்கைப் பையில் போடுகிறோம். வீடு வாடகைக்கு விடும்போது முதல் கேள்வி என்னவாக இருக்கிறது? வீட்டு வேலைக்கு வருகிற அக்காவுக்கு ஈஸ்டருக்குச் சேலை எடுத்துக் கொடுக்கிறோம், நல்லது. உடம்பு சரியில்லாமல் அவர் வராத நாளுக்குச் சம்பளத்தில் பிடிக்கிறோமா இல்லையா? வாலிபர்களுக்குத் தனியாக ஒன்று: நண்பன் கட்டுகிற சீட்டில் பணம் எடுத்துவிட்டுத் தவணை கட்டாமல் இழுத்தடிக்கிறவன், அந்த நண்பனைக் கன்வென்ஷனுக்குக் கூப்பிடாமல் இருப்பதே மேல். முதலில் தவணையைக் கட்டுங்கள்.

இந்தச் சபையின் கமிட்டியாருக்கு மூன்று வேண்டுகோள் வைத்து அமர்கிறேன். சபையின் வரவு செலவை மாதாமாதம் வாசலில், தெருவில் போகிறவரும் படிக்கும்படி, தமிழில் எழுதி ஒட்டுங்கள். உங்கள் நிறுவனங்களில் துப்புரவு செய்கிறவர்களுக்கும் காவலாளிகளுக்கும் சம்பளம் ஒரு நாளும் தள்ளிப்போகாதபடி பாருங்கள். சாதி பார்த்துப் பெண் கொடுப்பதும், சாதி பார்த்துக் கமிட்டித் தேர்தலில் ஓட்டுப் போடுவதும், கல்லறையில் சாதி பார்ப்பதும் இந்தச் சபையில் இனி இல்லை என்று ஒரு தீர்மானம் எழுதுங்கள். அடுத்த பொதுக்கூட்டத்திலேயே எழுதுங்கள். முதல் கையெழுத்துப் போட நான் வருகிறேன்.